தோடி காத்திருக்கட்டும்

கேள்வி: என் மகளுக்கு 13 வயது. ஏழு வருடங்களாக வாய்ப்பாட்டு கற்கிறாள். 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்கான கர்நாடக சங்கீதப் போட்டி ஒன்று மூன்று மாதத்தில் வருகிறது. பத்து நிமிடத்துக்குள் ஒரு வர்ணத்தை (ஸ்வரமும் சொல்லும் கலந்த உருப்படி) இரண்டு காலத்திலும், அதாவது ஒரு வேகத்திலும் அதன் இரட்டை வேகத்திலும், ஒரு கீர்த்தனையைக் கல்பனாஸ்வரத்துடனும் (அப்போதே கற்பனையாகப் பாடும் ஸ்வரங்கள்) பாட வேண்டும். அவளுடைய ஆசிரியை கல்யாணி ராக ஆதி தாள வர்ணத்தையும், ஆபோகி ராகத்தில் ‘சபாபதிக்கு’ பாட்டையும் பாடச் சொல்கிறார். மற்றப் பிள்ளைகள் எல்லாம் தோடி, காம்போதி என்று பெரிய ராகங்களோடு வருவார்கள். ஐந்து ஸ்வர ராகத்தை வைத்து என்ன காட்ட முடியும்? அதனால் ஆசிரியைக்குத் தெரியாமல், பெரிய வித்வான் ஒருவரின் ஒலிப்பதிவைக் கேட்டு ஒரு தோடி கீர்த்தனையைப் பழக வைத்திருக்கிறேன். ஸ்வரங்களை எழுதி மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன். போன வருடம் இன்னொரு போட்டியில் பாட்டின் இரண்டாம் பகுதியான அனுபல்லவியில் வரி மறந்து, பாதியில் நிறுத்தி, மேடையிலேயே அழுதுவிட்டாள். “ஜெயிப்பேன் என்றால்தான் வருவேன்” என்கிறாள். சமீபமாக மேல்ஸ்தாயியில் குரலும் கரகரக்கிறது. ஐந்தரைக் கட்டை சுருதியில் பாடுகிறாள். போட்டிக்கு அனுப்பலாமா? எந்தப் பாட்டைப் பாடட்டும்? பெயர் வேண்டாம்.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அனுப்புங்கள். ஆபோகியோடு அனுப்புங்கள். தோடி காத்திருக்கட்டும். உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகுதான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன். குழந்தைகளுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுப்பது என் தொழில். பல வருடங்களாகப் போட்டிகளில் நடுவராகவும் உட்கார்ந்து வருகிறேன். மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து என்ன கேட்கிறது என்பதைச் சொன்னால், உங்கள் ஆசிரியை ஏன் அந்தப் பாட்டைத் தேர்ந்தெடுத்தார் என்பது விளங்கும்.

காலையிலிருந்து வரிசையாக முப்பது நாற்பது குழந்தைகளைக் கேட்கும் நடுவரின் காதில் முதலில் விழுவது ராகத்தின் பெயரல்ல, ஷட்ஜம், அதாவது ஆதார ஸ்வரமான ‘ச’. குழந்தை உட்கார்ந்து, தம்புராவோடு ச-ப-ச பாடுகிறதே, அந்தச் சில விநாடிகளிலேயே பாதி தெரிந்துவிடும். சுருதி சேர்கிறதா, சேரவில்லை என்றால் அந்தக் குழந்தைக்கு அது தெரிகிறதா என்பதைத்தான் பார்ப்போம். அடுத்து காலப்பிரமாணம்: எடுத்த வேகத்தில் நிற்கிறதா, பயத்தில் ஓடுகிறதா? பிறகு சாகித்யம், அதாவது பாட்டின் சொற்கள். ராகத்தின் நுணுக்கம், மனோதர்மம் (சொந்தக் கற்பனை) எல்லாம் அதற்குப் பிறகுதான். தோடி பாடுவதற்கென்று தனி மதிப்பெண் எந்தத் தாளிலும் நான் பார்த்ததில்லை. தோடியைச் சரியாகப் பாடினால் மதிப்பெண் உண்டு. சரியாகப் பாடாவிட்டால், அது தோடி என்பதாலேயே குறை பெரிதாகத் தெரியும்.

ஒரு போட்டியில் நடந்தது. வரிசையாகக் கரகரப்ரியா, காம்போதி, பைரவி என்று கேட்டு நாங்கள் மூவரும் களைத்திருந்தோம். 12 வயதுப் பெண் ஒருத்தி வந்து உட்கார்ந்தாள். சுருதிப்பெட்டியைப் போட்டாள். பஞ்சமம் (‘ப’) இழையளவு இறங்கியிருந்தது. பெரும்பாலான குழந்தைகள் அந்த இடத்தில் பதற்றத்தில் பாடத் தொடங்கிவிடுவார்கள். அவள் தொடங்கவில்லை. தலையைச் சாய்த்துக் கேட்டாள், திருகைக் கொஞ்சம் நகர்த்தினாள், மறுபடி கேட்டாள், இன்னும் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு கண்ணை மூடி ‘ச’ என்றாள். எழுதிக்கொண்டிருந்த மூன்று பேனாக்களும் நின்றன. மத்யமாவதியில் ரூபக தாளத்தில் ஒரு சின்னப் பாட்டுதான் பாடினாள். அவளுக்கு அன்று கிடைத்தது இரண்டாம் பரிசு. ஆனால் இடைவேளை முழுவதும் நாங்கள் பேசியது அவளைப் பற்றித்தான்.

இப்போது உங்கள் தோடிக்கு வருகிறேன். தோடி எட்டாவது மேளம், அதாவது ஏழு ஸ்வரமும் உள்ள தாய் ராகம். ஏழு ஸ்வரங்களையும் எழுதிவிடலாம், படித்துவிடலாம். ஆனால் அதன் காந்தாரம் (‘க’) ஓரிடத்தில் நிற்கும் ஸ்வரமல்ல. அசைந்து அசைந்துதான் காந்தாரமாகிறது. எந்த அளவு அசைய வேண்டும், எங்கே ஒடுங்க வேண்டும் என்பது வருடக்கணக்காகக் கேட்டும் பாடியும் தொண்டைக்குள் வருவது. பஞ்சமத்தைத் தொடாமல் போகும் பிடிகள் (ராகத்தை அடையாளம் காட்டும் ஸ்வரத் தொடர்கள்) வேறு இருக்கின்றன. அவற்றில்தான் அந்த ராகத்தின் அழகே பாதி இருக்கிறது. 13 வயதுக் குழந்தைக்குத் தோடி வரவே வராது என்று நான் சொல்லமாட்டேன். அப்படிப்பட்ட குழந்தைகளும் இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்கு அது மூன்று மாதத்தில், ஒலிப்பதிவிலிருந்து வந்ததில்லை.

ஒலிப்பதிவு கேட்பது நல்லது, நிறையக் கேட்கட்டும். அதிலிருந்து பாடம் செய்வது வேறு விஷயம். ஒரு பெரிய வித்வானின் சங்கதிகள் (ஒரே வரியை மாற்றி மாற்றிப் பாடும் வகைகள்) அவருடைய குரலுக்கும் மூச்சுக்கும் அமைந்தவை. பல வருடம் பாடிப் பாடி இழைத்தவை. அவற்றை அப்படியே எடுக்கும் குழந்தை பிர்கா (வேகமான ஸ்வர உருட்டல்) விழுகிற இடத்தில் திணறும். போதாததற்கு, அவர் மூச்சு வாங்கிய இடத்தில் தானும் வாங்கும். ஐம்பது வயதுக்காரரின் பெருமூச்சை ஒரு சிறுமி அச்சு அசலாக விடுவதை நான் கேட்டிருக்கிறேன். பாவமாக இருக்கும். ஏழு வருடமாக ஒரு பாடாந்தரத்தில், குரு வழி வந்த பாட்டு முறையில், வளர்ந்த குரலில் வேறொரு பாடாந்தரத்தை ஒட்டினால், ஒட்டுப்போட்ட இடம் நடுவருக்கு உடனே தெரிந்துவிடும்.

இதை ஆசிரியைக்குத் தெரியாமல் செய்திருக்கிறீர்கள் என்பதுதான் உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய வரி. கோபித்துச் சொல்லவில்லை. உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. மகள் மறுபடி தோற்று அழுவதைப் பார்க்க எந்தத் தாயால் முடியும்? ஆனால் குழந்தை இப்போது வாரம் முழுவதும் ஒரு ரகசியத்தோடு வகுப்புக்குப் போய்வருகிறாள். குருவின் முன் உட்கார்ந்து வாயைத் திறக்கும்போது அந்தப் பாரம் தொண்டையில் இருக்கும். அடுத்த வகுப்புக்கு நீங்களும் கூடப் போங்கள். “அவசரப்பட்டுவிட்டேன்” என்று நீங்களே சொல்லுங்கள், குழந்தை வாயால் சொல்ல வைக்காதீர்கள். நல்ல ஆசிரியை என்றால் ஒரு நிமிடம் முகம் வாடும். பிறகு, “எங்கே, அந்தத் தோடியைக் கொஞ்சம் பாடு, கேட்கிறேன்” என்பார்.

நானும் ஒருமுறை இதே தவறைச் செய்திருக்கிறேன். என்னிடம் கற்ற ஒரு பெண்ணுக்குப் போட்டிக்காகவே கரகரப்ரியாவில் ஒரு பெரிய கீர்த்தனையை இரண்டு மாதத்தில் ஏற்றினேன். போட்டியில் மோசமில்லாமல்தான் பாடினாள், பரிசு வரவில்லை. அதற்குப் பிறகு அந்த ராகத்தை எடுத்தாலே அவள் குரல் சுருங்கியது. அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று. அதிலிருந்து, போட்டிக்கென்று புதிதாக எதையும் நான் கற்றுக்கொடுப்பதில்லை. குறைந்தது ஒரு வருடமாவது குழந்தை பாடிப் பழகிய பாட்டையே அனுப்புகிறேன். தூக்கத்தில் எழுப்பிச் சரணத்தைப் பாடச் சொன்னாலும் பாடவேண்டும். அந்தப் பாட்டுதான் பயத்திலும் கைவிடாது.

“ஐந்து ஸ்வரத்தை வைத்து என்ன காட்ட முடியும்?” என்று கேட்டிருக்கிறீர்கள். ஆபோகி 22ஆவது மேளமான கரகரப்ரியாவின் ஜன்யம், அதாவது அதிலிருந்து பிறந்த ராகம். பஞ்சமமும் நிஷாதமும் (‘நி’) கிடையாது. ச ரி க ம த, அவ்வளவுதான். அதில் ஒரு நிஷாதம் நுழைந்துவிட்டால் ஸ்ரீரஞ்சனி ஆகிவிடும். வேகமாக ஸ்வரம் பாடும்போது, தைவதத்திலிருந்து (‘த’) மேல் ஷட்ஜத்துக்குத் தாவுகிற இடத்தில், கவனம் பிசகினால் நிஷாதம் தானாக எட்டிப்பார்க்கும். நடுவர்களின் காது அந்த இடத்தில்தான் காத்துக்கொண்டிருக்கும். இரண்டு நிமிடம் ஸ்வரம் பாடி, ஒரு தடவைகூட அந்தக் கதவைத் திறக்காத குழந்தைக்கு ராகம் பிடிபட்டிருக்கிறது என்று எழுதிக்கொள்வோம். மறைந்துகொள்ள இடமில்லாத ராகம் அது. ஆபோகியின் காந்தாரத்துக்கும் கமகம் (ஸ்வரத்தை அசைத்துப் பாடுவது) வேண்டும். மொட்டையாகப் பிடித்தால் ராகம் செத்துவிடும்.

இன்னொன்றும் இருக்கிறது. அது கோபாலகிருஷ்ண பாரதியாரின் தமிழ்ப் பாட்டு. பாடுகிற ஒவ்வொரு சொல்லும் உங்கள் மகளுக்குப் புரியும். ‘சபாபதிக்கு வேறு தெய்வம் சமானமாகுமா’ என்பது ஒரு கேள்வி. அதைக் கேள்வியாக உணர்ந்து பாடுகிறாளா என்று கேட்டுப்பாருங்கள். நிறையப் பேர் ‘சமானமா’ என்று நிறுத்தி மூச்சு வாங்கிவிட்டு ‘குமா’வைத் தனியாகப் போடுவார்கள். பொருள் அங்கேயே உடைந்துவிடும். பாட்டை முதலில் பாடாமல், நாலைந்து முறை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மூச்சு எங்கே வாங்கலாம் என்பதைத் தாளில் பென்சிலால் குறித்துக்கொள்ளட்டும். தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடும்போதும் இதே வேலையைச் செய்யத்தான் வேண்டும். தமிழில் அது அவளுக்குத் தானாக வரும். இந்த வயதில் இது பெரிய அனுகூலம்.

வர்ணம் பற்றி ஒரு தொழில் ரகசியம் சொல்கிறேன். இரண்டாம் காலத்தில் தடுக்கி விழும் குழந்தைகளின் தவறு இரண்டாம் காலத்தில் இருப்பதில்லை. முதல் காலத்தை வேகமாக எடுத்ததில் இருக்கிறது. அதனால் வீட்டில் தலைகீழாகப் பழகச் சொல்லுங்கள். முதலில் இரண்டாம் காலத்தில் முக்தாயி ஸ்வரத்தை (வர்ணத்தின் முதல் பாதியை முடிக்கும் ஸ்வரப் பகுதி) பாடட்டும்; எந்த ஸ்வரமும் நசுங்காமல், கமகம் கெடாமல் வரும் வேகம் எது என்று கண்டுபிடிக்கட்டும். தாளத்தை அதே வேகத்தில் வைத்துக்கொண்டு, அதில் பாதியில் பாடுவதுதான் அவளுடைய முதல் காலம். மேடையில் உட்கார்ந்ததும் வர்ணத்தைத் தொடங்கும் முன், மனத்துக்குள் இரண்டாம் காலத்தில் ஒரு ஆவர்த்தனம் (தாளத்தின் ஒரு முழுச் சுற்று) ஓட்டிப் பார்த்துவிட்டு, கையை அந்த வேகத்தில் வைத்து, பிறகு வாயைத் திறக்கட்டும். சில விநாடி வேலை.

வர்ணம் முடிந்து பாட்டுக்குப் போகும் இடத்திலும் கவனம் வேண்டும். கல்யாணிக்கும் ஆபோகிக்கும் ஷட்ஜத்தைத் தவிர ரிஷபமும் (‘ரி’) தைவதமும்தான் பொது. கல்யாணியில் அந்தர காந்தாரம், பிரதி மத்யமம். ஆபோகியில் இரண்டும் அவற்றைவிடத் தாழ்ந்தவை: சாதாரண காந்தாரம், சுத்த மத்யமம் (‘ம’). நாலைந்து நிமிடம் கல்யாணியில் ஊறிய காது சட்டென்று இறங்காது. உடனே பாடத் தொடங்கினால் முதல் காந்தாரம் இரண்டுங்கெட்டானாக வந்து விழும். தம்புரா மட்டும் ஒலிக்கட்டும். இரண்டு மூச்சு வாங்கும் நேரம் சும்மா கேட்கட்டும். பிறகு ஆபோகியில் ஒரு சின்னப் பிடி முனகிவிட்டு எடுக்கட்டும். அந்த மௌனத்தை நேரவிரயம் என்று நினைக்காதீர்கள். காது தெரிந்த குழந்தைதான் அப்படிக் காத்திருக்கும் என்பது நடுவர்களுக்குத் தெரியும்.

எழுதி மனப்பாடம் செய்த கல்பனாஸ்வரம் நடுவருக்குத் தெரியுமா? தெரியும். கண்ணைப் பார்த்தாலே தெரியும். பாடுகிற குழந்தையின் கண் எதையோ படித்துக்கொண்டிருக்கும். கடைசிக் கோர்வையை (கணக்குப் போட்டு முடிக்கும் ஸ்வரத் தொடர்) எழுதிப் பாடம் செய்வது தவறல்ல. கணக்கு பிசகக் கூடாதே, பெரியவர்களும் செய்வதுதான். உதாரணமாக ஏழு ஸ்வரமும் ஒரு கார்வையுமாக (நீட்டி நிறுத்தும் இடம்) எட்டு. அதை மூன்று முறை பாடினால் 24. ‘சபாபதிக்கு’ பாட்டின் தாளமான, மூன்று எண்ணிக்கையாகப் போடும் ரூபகத்தில், எண்ணிக்கைக்கு நான்கு ஸ்வரம் என்றால் ஆவர்த்தனத்துக்கு 12. ஆக, சரியாக இரண்டு ஆவர்த்தனம். பாட்டின் எடுப்புக்கு (தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம்) ஏற்ப அதை எங்கே தொடங்குவது என்று ஆசிரியை சொல்லிக்கொடுப்பார். இந்த அளவு போதும். 13 வயதுக் குழந்தையிடம் பெரிய கணக்கை யாரும் எதிர்பார்ப்பதில்லை.

கோர்வைக்கு முன்னால் வரும் சின்னச் சின்ன ஸ்வரங்கள் மட்டும் அவளுடையதாக இருக்கட்டும். நோட்டுப் புத்தகத்தை மூடிவிடுங்கள். அதற்குப் பதிலாக ஒரு விளையாட்டு: இன்று பாடும் எல்லா ஸ்வரமும் மத்யமத்தில் வந்து நிற்கவேண்டும். நாளை தைவதத்தில், மறுநாள் ரிஷபத்தில். ஒரு ஆவர்த்தனத்துக்கு மேல் வேண்டாம். பாடிவிட்டு ‘சபாபதிக்கு’ என்று பல்லவிக்கு வந்து சேரவேண்டும், அவ்வளவுதான். முதல் வாரம் தட்டுத் தடுமாறும், பாடியதையே திரும்பப் பாடும். திருத்தாதீர்கள். மூன்றாவது வாரத்தில் ஒருநாள், நீங்கள் எதிர்பாராத ஒரு திருப்பத்தைப் பாடிவிட்டு அவளே சிரிப்பாள். ரூபகத்தில் எண்ணிக்கைக்கு ஒரு விநாடி என்று வைத்தால் ஆவர்த்தனத்துக்கு மூன்று விநாடி. இரண்டு நிமிடத்தில் நாற்பது ஆவர்த்தனம் கிடைக்கும். மனப்பாடத்தால் நிரப்ப அது மிகப் பெரிய இடம். தானாகப் பாடத் தெரிந்த குழந்தைக்குப் போதாத இடம்.

வரி மறந்ததைப் பற்றி. பாட்டை ஒழுங்காகப் படிக்காத குழந்தைக்குத்தான் மறக்கும் என்று நினைக்காதீர்கள். பெரும்பாலும் நேர்மாறு. நூறு முறை ஆரம்பத்திலிருந்து கடைசிவரை பாடிப் பழகிய பாட்டு நினைவில் ஒரே சங்கிலியாக இருக்கும். ஒரு கண்ணி அறுந்தால் அடுத்த கண்ணியை எங்கே பிடிப்பது என்று தெரியாது. அதனால் நடுவிலிருந்து பிடிக்கப் பழக்குங்கள். பாட்டின் ஒவ்வொரு வரியின் முதல் சொல்லையும் தனித்தனிச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். எந்தச் சீட்டு வருகிறதோ அங்கிருந்து, தாளத்தோடு, தயங்காமல் எடுக்க வேண்டும். அது பழகியதும் இன்னொன்று: பாடிக்கொண்டே இருக்கும்போது நீங்கள் கையைக் காட்டினால் குரலை நிறுத்திவிட்டு மனத்துக்குள் பாடவேண்டும், தாளம் நிற்கக் கூடாது. மறுபடி கையைக் காட்டினால் பாட்டு எந்த இடத்துக்கு வந்திருக்கிறதோ அங்கே குரல் சேரவேண்டும். இதைச் செய்யத் தெரிந்துவிட்டால் மேடையில் மறப்பது பாதி குறைந்துவிடும்.

அப்படியும் மறந்தால்? கை நிற்கக் கூடாது, அதுதான் ஒரே சட்டம். தாளம் ஓடிக்கொண்டிருக்க, முன் பாடிய சங்கதியை இன்னொரு முறை பாடலாம், பல்லவிக்குத் திரும்பலாம், அந்த வரியைச் சொல்லில்லாமல் அகாரமாகக் கடக்கலாம். மன்னிப்புக் கேட்கும் முகத்தோடு எங்களைப் பார்க்க வேண்டாம். மறந்து மீண்டுவந்த குழந்தைக்கு நான் குறைத்த மதிப்பெண் மிகக் கொஞ்சம். மீண்டுவந்த விதத்துக்காக மனத்தில் கூட்டியது அதைவிட அதிகம். இதையும் வீட்டிலேயே ஒத்திகை பாருங்கள். வேண்டுமென்றே ஒரு வரியை விட்டுவிட்டு எப்படிச் சமாளிக்கிறாள் என்று பார்த்துச் சிரித்துக் கொண்டாடுங்கள். போன வருடத்து அழுகையின் கூர் அப்படித்தான் மழுங்கும்.

குரலைப் பற்றி அவசரமாகச் சொல்ல வேண்டும். பையன்களுக்குக் குரல் உடைவது எல்லோருக்கும் தெரியும். பெண் குழந்தைகளுக்கும் இந்த வயதில் குரல் மாறுகிறது. அவ்வளவு வெளிப்படையாகத் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. காற்றுக் கலந்த குரல், மேல்ஸ்தாயியில் விரிசல், நேற்று வந்தது இன்று வராமை எல்லாம் அதன் அடையாளங்களாக இருக்கலாம். அந்த நேரத்தில் ஐந்தரைக் கட்டையிலேயே இழுத்துப் பிடித்துக் கத்தவைப்பது கூடாது. ஆசிரியையிடம் சொல்லி ஐந்து கட்டையில் பாடிப்பார்க்கட்டும். வர்ணத்தின் உச்ச ஸ்வரம் நோகாமல் வருகிறதா, மந்த்ரஸ்தாயி (கீழ் ஸ்வரங்கள்) கேட்கும்படி இருக்கிறதா என்று இரண்டையும் பார்க்க வேண்டும். அரைக் கட்டை இறக்கினாலும் தொண்டைக்கு எல்லாம் புதிதாகத் தோன்றும். பழக வாரங்கள் ஆகும். அதனால் முடிவை இப்போதே எடுங்கள், கடைசி வாரத்தில் அல்ல. கட்டையைக் குறைத்தால் மதிப்பெண் குறையும் என்ற பயம் வேண்டாம். கரகரப்பு இரண்டு மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால், போட்டி இருக்கட்டும், முதலில் காது மூக்குத் தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். அவர் ஓய்வு கொடுக்கச் சொன்னால் போட்டியை விட்டுவிடுங்கள்.

விதிகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. விண்ணப்பத்தை வரி விடாமல் படியுங்கள்: வயது எந்தத் தேதியில் கணக்கிடப்படுகிறது, தம்புராவுக்குக் கைபேசிச் செயலி அனுமதி உண்டா, கொடுத்த பாட்டை மாற்றலாமா, பத்து நிமிடத்தில் சுருதி சேர்க்கும் நேரமும் அடங்குமா. மணி அடித்த பிறகு பாடினால் மதிப்பெண் குறையும் போட்டிகள் உண்டு. எட்டரை ஒன்பது நிமிடத்தில் முடியும்படி அமைத்துக்கொண்டால் நிம்மதி.

மிருதங்கம் உண்டா இல்லையா என்பதை மட்டும் கட்டாயம் விசாரியுங்கள். இல்லை என்றால் தாளம் முழுவதும் அவள் கையில். தொடையில் படும் ஒலி ஒரே சீராக இருக்கிறதா என்று ஒலிப்பதிவு செய்து கேளுங்கள். பயம் முதலில் கையில்தான் தெரியும், குரலில் அல்ல. மிருதங்கம் உண்டு என்றால், போட்டிக்கு முன் இரண்டு மூன்று முறையாவது மிருதங்கத்தோடு பாடியிருக்க வேண்டும். முதல் முறை கேட்கும்போது அந்த நாதத்தின் வேகத்தில் குழந்தைகள் இழுபட்டுப் போவார்கள். மேடையில் அமர்ந்ததும் வித்வானுக்கு வணக்கம் சொல்லி, தாளமும் எடுப்பும் என்ன என்று மெல்லச் சொல்லிவிடட்டும். மரியாதை என்பதற்காக மட்டும் சொல்லவில்லை, பாட்டையே அது காப்பாற்றும்.

கடைசியாக, “ஜெயிப்பேன் என்றால்தான் வருவேன்” என்று அவள் சொன்னது. போன வருடம் அழுத குழந்தை வேறு எப்படிச் சொல்லும்? அது கர்வமல்ல, பயம். “நிச்சயம் ஜெயிப்பாய்” என்று மட்டும் பதில் சொல்லாதீர்கள். அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது, அவளுக்கும் அது தெரியும். நடுவர் மூவர் என்றால் மூன்று காது. ஒரே பாட்டுக்கு நாங்களே ஐந்து மதிப்பெண் வித்தியாசத்தில் போட்டிருக்கிறோம். அவள் கையில் இருக்கும் ஒன்றிரண்டை மட்டும் பேசிக்கொள்ளுங்கள்: சுருதி சேரும்வரை தொடங்கமாட்டேன், என்ன நடந்தாலும் தாளத்தை நிறுத்தமாட்டேன். பாடி முடித்து வெளியே வந்ததும் நீங்கள் கேட்க வேண்டியதும் இந்த இரண்டைத்தான். மற்றப் பிள்ளைகள் என்ன பாடினார்கள், அந்த மேல் காந்தாரம் ஏன் நடுங்கியது என்பதெல்லாம் வீடு திரும்பும் வழியில் வேண்டாம். மறுநாள் ஆசிரியை கேட்பார், அது அவர் வேலை. நடுவர்களின் குறிப்புகள் கிடைக்கும் என்றால் கேட்டு வாங்கி அவரிடம் கொடுங்கள்.

அவள் உண்மையிலேயே வேண்டாம் என்றால், வற்புறுத்தாதீர்கள். அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்றால், உறவினர் நாலைந்து பேரை வீட்டுக்கு அழைத்து, போட்டியில் போலவே உட்காரவைத்துப் பாடச் சொல்லுங்கள். பாடி முடித்ததும் எழுந்து உள்ளே ஓடுகிறாளா, இன்னொரு பாட்டுப் பாடவா என்று கேட்கிறாளா என்று பாருங்கள். போட்டிக்கு முன் இப்படி நாலைந்து முறை பாடினால் மேடைக்கும் நல்லது.

இன்று மாலையே ‘சபாபதிக்கு’வை ஒருமுறை பாடச் சொல்லி ஒலிப்பதிவு செய்து, தேதி போட்டு வைத்துவிடுங்கள். இப்போது கேட்க வேண்டாம். ஒரு மாதம் கழித்து இன்னொன்று எடுத்து, இரண்டையும் அவளும் ஆசிரியையும் சேர்ந்து உட்கார்ந்து கேட்கட்டும். அந்தத் தோடி ஒலிப்பதிவையும் அழித்துவிடாதீர்கள். பாடமாக இல்லாமல், சும்மா அடிக்கடி வீட்டில் ஒலிக்கட்டும். அவள் ஆசிரியை தோடியைத் தொடங்கும் நாளில் அந்தக் காந்தாரம் அவள் காதில் ஏற்கெனவே இருக்கும்.